ஆறாவது காட்சியில் ஒரு கை

அன்புசெல்வன் சாப்பிட்டுக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

பயிற்சி அறையில் ஏசி ஓடும் என்பதால், மனிதவளப் பிரிவு மேலாளரான அவர் மத்தியானச் சாப்பாட்டை அங்கேதான் வைத்துக்கொள்வார். அன்றைக்கு வஞ்சிரம் வறுவல். முள்ளை நாக்கால் தள்ளி, இரண்டு விரலால் உருவி, டிபன் மூடியின் ஓரத்தில் வரிசையாக வைத்தபடி, எதிரில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஹெலனிடம், "ஒரு சின்ன கரெக்‌ஷன்மா" என்றார்.

பரசுராமனுக்குக் கை போய் அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கம்பெனி. கார் கதவுகளுக்கான கீல்களைத் தகட்டிலிருந்து அடித்து எடுப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பிரஸ். தகட்டை அச்சின் மேல் வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து அறுபது டன் இறங்கி ஏறும். அடித்த துண்டை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஏழாம் நம்பர் பிரஸ் மிதிக்காமலே இரண்டாவது தடவை இறங்குகிறது என்று பரசுராமன் இரண்டு வாரமாகச் சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கலாம், பாக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு புதன்கிழமை காலை ஷிப்டில் அது அப்படி இறங்கியபோது அவருடைய வலது கை உள்ளே இருந்தது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

"கேஸ் போட்டிருக்கான். தொழிலாளர் துறையிலேருந்து அதிகாரி புதன்கிழமை இங்கியே விசாரணைக்கு வர்றாங்க. அவனுக்கு இன்னா பயிற்சி குடுத்தீங்க, அந்தப் படத்த போட்டுக் காட்டுங்கன்னு லெட்டர் வந்திருக்கு" என்றார் அன்புசெல்வன். "நம்ம படத்துல ஆறாவது காட்சி இருக்குதில்ல? அதுல அந்த ஆளு துண்ட கையால எடுக்கறான். அது வேணாம். இடுக்கியால எடுக்கட்டும். அதுக்கு முன்னாடி மெஷின ஆஃப் பண்ணட்டும். அவ்ளோதான். தேதி மட்டும் பழசாவே இருக்கணும்."

ஹெலன் கை விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டது.

அந்தப் படம் அவள் செய்தது. பொன்னேரியில் மல்டிமீடியா டிப்ளமோ முடித்துவிட்டு 2012இல் வேலைக்குச் சேர்ந்ததும் அவளுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. எட்டுக் காட்சி. நீலச் சட்டை போட்ட ஒரு பொம்மைத் தொழிலாளி ஹெல்மெட் மாட்டுவான், தகடு தூக்குவான், பிரஸ்ஸில் வேலை செய்வான், கடைசியில் கைகூப்பி வணக்கம் சொல்வான். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் முதல் நாள் பயிற்சி அறையில் உட்காரவைத்து இதைப் போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்குவது பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. படம் முடிந்த புதிதில், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கும் ஒருமுறை போட்டுக் காட்டியிருந்தாள். ஃபிளாஷ் என்ற அந்தக் காலத்து மென்பொருளில் செய்த படம் அது. ஃபிளாஷ் எல்லா இடத்திலும் நின்றுபோன பிறகும், மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வரைஞ்ச ஃபைலு இல்ல சார். அந்த ஹார்டு டிஸ்க் எப்பவோ போயிடுச்சி. இருக்கறது ஓடற ஃபைலு மட்டும்தான். அத்த பாக்கலாம், உள்ள கை வெக்க முடியாது."

"ஐடி பையன்கிட்ட கேட்டுட்டேன்மா. அந்த ஃபைல பிரிச்சி, உள்ள இருக்கற படம், எழுத்து, ஓட்டம் எல்லாத்தயும் தனித்தனியா எடுத்துப் போட சாஃப்ட்வேர் இருக்காமே? டீகம்பைலர். திருத்திட்டு மறுபடி மூடிக்கலாமாம். ஹெலன் அக்காவுக்குத்தான் தெரியும்ங்கறான்." அவர் விரல்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டுச் சப்பி எடுத்தார். "தப்பா இருக்கறத திருத்தறோம். நல்ல விஷயம்தான? அப்பறம், உன் வீட்டுக்காரர் எட்வர்டோட பர்மனென்ட் பேப்பரு என் டேபிள்லதான் இருக்கு. இந்த மாசத்துல முடிச்சிடலாம்னு பாக்கறேன்."

மூடியில் கிடந்த முள்ளையெல்லாம் வழித்து அவளுடைய குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் வரைக்கும் அந்த அறையில் மீன் நாற்றம் போகவில்லை.

வீட்டில் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. ஆறு மணிக்கு எட்வர்ட் வந்து சட்டையை உதறியபோது ஆலைக்கரி தரையில் பொடிப்பொடியாக விழுந்தது. அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அன்றும் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தவனிடம் ஹெலன் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "செஞ்சி குட்த்துட்டு வா. உனுக்கு இன்னா?"

"அந்தாளு கை போயிருக்குதுப்பா."

"நீயா வெட்டன? மெஷினு வெட்டுச்சி."

"படத்துல கைய உட்டு எட்றான்னு நான்தான வரைஞ்சேன்."

"எவன் சொல்லி வரைஞ்ச? நீயாவா வரைஞ்ச?"

அவளாக வரையவில்லைதான். முதலில் இடுக்கியைத்தான் வரைந்தாள். பாதுகாப்புப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அப்போதிருந்த புரொடக்‌ஷன் மேனேஜர் பார்த்துவிட்டு, இடுக்கியால் எடுத்தால் ஒரு துண்டுக்கு மூன்று செகண்ட் கூடுதலாகும், இந்தக் கம்பெனியில் யாரிடமும் இடுக்கி கிடையாது, நடக்கிறதை வரை என்றார். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். நடக்கிறதைப் பார்க்கப் பட்டறைக்குள் போனாள். ஏழாம் நம்பரில் நின்ற பரசுராமன்தான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "நம்ம கை படத்துல வருதா? வர்ட்டும், வர்ட்டும்." ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு விரலாக அதன் மேல் கோடு இழுத்து வரைந்தாள்.

"எனுக்கும் அந்தாளு மேல பாவமாத்தான் கீது," என்றான் எட்வர்ட். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நீ செய்லன்னா அந்த ஐடி பையன் செய்வான். படம் எப்டியும் மாறிடும். நம்ம பேப்பரு மட்டும் குப்பைக்குப் போவும். பதினோரு வருசம் ஹெலன். இன்னிக்கும் கேட்டுல நின்னு, வான்னு சொன்னாதான் உள்ள போறேன்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தட்டிலிருந்த கருவாட்டைப் பார்த்தாள். சாப்பிடாமலே தட்டை மூடிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஒரு பிரெட் பாக்கெட்டும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பரசுராமன் வீட்டுக்குப் போனாள். ஏரிக்கரைத் தெருவில் ஒற்றை அறை வீடு. மழை விட்டிருந்தது. வாசலில் தேங்கிய தண்ணீரின் மேல் ஆலை எண்ணெய் ஏழு நிறத்தில் மிதந்தது. உள்ளே மருந்து வாடை. பரசுராமன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை மடியிலிருந்த தலையணை மேல் கிடந்தது. அவர் மனைவி பச்சையம்மா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வா ஹெலனு. குந்து" என்றாள் பச்சையம்மா. "பாத்தியா இவுருக்கு வந்த யோகத்த? கொழந்த மாரி ஊட்டினு கீறேன்."

"வலி எப்டி கீதுண்ணா?"

"வலி பரவால்ல. இல்லாத வெரலு அரிக்குதும்மா. அதான் பேஜாரா கீது. எங்க சொறியறது?" என்று பரசுராமன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கரண்டியை இடது கையால் தள்ளிவிட்டு, கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "நல்ல வேள நீ வந்த. உன்னதான் கேக்கணும்னு இருந்தேன். முந்தா நேத்து அன்புசெல்வன் சார் வந்தாரு. பழமெல்லாம் வாங்கினு வந்தாரு. அவுரு சொல்றாரு, படத்துல இடுக்கிதான் இருந்துச்சாம். மெஷின ஆஃப் பண்ணிட்டு இடுக்கியால எடுக்கணும்னு தெளிவா காட்டிக் கீறாங்களாம். நான்தான் மறந்துட்டனாம்."

படத்தை ஹெலன் இன்னும் தொடக்கூட இல்லை.

"எனுக்கு இன்னாவோ கைதான் நெனப்பு. என் கைன்னுகூட நெனப்பு. ஆனா பன்னண்டு வருசம் ஆயிடுச்சில்ல? ஆஸ்பத்திரில மயக்க ஊசி வேற போட்டாங்க. ஒண்ணும் நெலையா நிக்க மாட்டேங்குது. ராவும் பகலும் அதான் யோசன. நானே என் கைய போக்கடிச்சிட்டனா? நீதான வரைஞ்ச. நீ சொல்லு. இன்னா இருந்துச்சி?"

பச்சையம்மாவும் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

கை என்று ஒரு சொல். அதைச் சொல்வதற்கு அரை நொடி போதும். ஹெலன் வாய் திறந்தாள். எட்வர்டின் பேப்பர் கண் முன்னால் வந்தது.

"நாளாயிடுச்சிண்ணா. பாத்துட்டு சொல்றேன்."

"ஆங், பாத்துட்டு சொல்லு. நிதானமா பாத்து சொல்லு" என்று பரசுராமன் அவளை நம்பித் தலையாட்டினார்.

தெருமுனை வருவதற்குள் அவளுக்குத் தன் வாயை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. அது தன் முகத்தில் இருப்பதே பிடிக்காமல், புறங்கையால் துடைத்துத் துடைத்து உதடு எரிந்தது.

ஆனாலும் திங்கட்கிழமை அவள் அதைச் செய்தாள். இதை மறைத்துச் சொல்ல வழியில்லை. காலையில் ஒன்பதரை மணிக்கு அன்புசெல்வன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கோப்பை டீகம்பைலரில் திறந்தாள். இடதுபக்கம் பட்டியல் விரிந்தது. ஓடும்போது ஒரே ஆளாகத் தெரிகிற அந்த நீலச் சட்டைக்காரன் அங்கே துண்டுதுண்டாகக் கிடந்தான். தலை ஒரு எண், உடம்பு ஒரு எண், ஹெல்மெட் ஒரு எண். நாற்பத்தேழாம் எண்ணைச் சொடுக்கியதும் திரையின் நடுவில், வெள்ளைப் பின்னணியில், ஒரு வலது கை வந்து நின்றது. அதைப் பிரித்தால் உள்ளங்கை தனி. விரல் ஒவ்வொன்றும் தனி. மடக்கி நீட்ட வசதியாக அவளேதான் அப்படிச் செய்திருந்தாள். சுட்டுவிரலின் நடுக்கணுவில் ஒரு கோணல். சின்ன வயதில் வண்டிக் கதவில் நசுங்கியது என்று பரசுராமன் அன்றைக்குச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்தக் கோணலைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.

"இதான? தூக்கிடு" என்றார் பின்னாலிருந்து. அவர் காலையில் போட்ட பாக்கு அவள் கழுத்தில் மூச்சாக அடித்தது.

அவள் எழுந்து ஓடிப்போய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நாஷ்டா சாப்டலயா? கேன்டீன்ல இட்லி சொல்லட்டுமா?" என்று உண்மையான கரிசனத்தோடு கேட்டார்.

அடியோடு நீக்கினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்ற எண்கள் குழம்பி, படம் பாதியில் நின்றுவிடும். அதனால் அந்தக் கையைத் திரைக்கு வரவழைக்கிற நிரல் வரியை மட்டும் அவள் எடுத்தாள். அந்த இடத்தில் புதிதாக வரைந்த இடுக்கியை வைத்தாள். சிவப்பு எழுத்தில் 'இயந்திரத்தை நிறுத்தவும்' என்று சேர்த்தாள். மறுபடி மூடி, கம்ப்யூட்டரின் தேதியைப் பன்னிரண்டு வருடம் பின்னால் தள்ளிச் சேமித்தாள். ஓட்டிப் பார்த்தார்கள். நீலச் சட்டைக்காரன் மெஷினை நிறுத்தினான், இடுக்கியால் துண்டை எடுத்தான், வணக்கம் சொன்னான்.

"பர்ஃபெக்ட்" என்றார் அன்புசெல்வன். பழைய கோப்பை, அது இருந்த இடத்திலிருந்தெல்லாம் அவரே தேடித்தேடி அழித்தார். அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஹெலன் அந்தத் தோளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

புதன்கிழமை பயிற்சி அறையில் விசாரணை. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அதிகாரி. அவருக்கு இந்தப் பக்கம் அன்புசெல்வனும் கம்பெனி வக்கீலும். அந்தப் பக்கம் பரசுராமனும் பச்சையம்மாவும். பரசுராமன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பச்சையம்மா வாரிவிட்டிருக்க வேண்டும். படத்தை ஓட்ட ஹெலன்.

படம் ஓடியது. ஆறாவது காட்சி வந்தபோது பரசுராமன் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இடுக்கி உள்ளே போனது, துண்டை எடுத்தது, வெளியே வந்தது. அவருடைய தோள்கள் மெல்ல இறங்கின.

படம் முடிந்ததும் அதிகாரி கேட்டார். "பயிற்சியில உங்களுக்குக் காட்டினது இந்தப் படம்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பரசுராமன் மடியிலிருந்த, கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பச்சையம்மாவைப் பார்த்தார். "இதான் போல மேடம்," என்றார். "நான்தான் மறந்துகீறேன். என் மேலதான் தப்பு."

அன்புசெல்வன் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு தலையசைத்தார். வக்கீல் பேனா மூடியைத் திறந்தார்.

"இல்ல மேடம்" என்றாள் ஹெலன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"இது திங்கக்கெழம செஞ்சது. நான்தான் செஞ்சேன். பழைய படத்துல கைதான் இருந்துச்சி."

"மேடம், இவங்களுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல. வாந்தி எடுத்துக்கிட்டிருந்தாங்க," என்று அன்புசெல்வன் அன்பாகச் சொன்னார். "ஹெலன்மா, நீ ரெஸ்ட் எடு. பழைய படம்னு ஒண்ணு இல்லவே இல்லியே."

"இதுக்குள்ளயே கீது சார்."

அவள் அந்தக் கோப்பை டீகம்பைலரில் திறந்தாள். பெரிய திரையில் பட்டியல் விரிந்தது. "வெளிய தெரியாம மறைக்கத்தான் முடிஞ்சுது மேடம். எடுத்தா படம் நின்னுடும்" என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தேழைச் சொடுக்கினாள். சுவர் அகலத்துக்கு ஒரு வலது கை வந்து நின்றது. ஓட்டத்தைத் தட்டினாள். விரல்கள் விரிந்தன, கீழே இறங்கின, ஒரு துண்டைக் கவ்வின, மேலே வந்தன. மறுபடி விரிந்தன, இறங்கின. எண்ணெயில் தோய்ந்த அச்சுக்குள் போகிற அதே சாய்வு, அதே வேகம்.

பரசுராமன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். சுட்டுவிரலின் கோணல் கணுவை இடது கையால் தொட்டார்.

"என் கைதான்" என்றார். "யம்மா பச்ச, எனுக்கு மறக்கலடி. நான் மறக்கல."

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். யார் சொல்லிச் செய்தீர்கள் என்று ஹெலனைக் கேட்டார், அவள் சொன்னாள். அந்தக் கோப்பை இரண்டு நகல் எடுத்து உறையில் போட்டு அரக்கு வைத்தார். அன்புசெல்வன் கடைசி வரைக்கும் அவளைத் திட்டவில்லை. வெளியே போகும்போது, "ஏம்மா இப்பிடி?" என்று மட்டும் கேட்டார். தனக்கு யாரோ துரோகம் செய்துவிட்டதுபோல அவர் கண் கலங்கியிருந்தது. ஹெலனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கேட்டில் அவளை உள்ளே விடவில்லை. வெள்ளிக்கிழமை எட்வர்டையும் விடவில்லை. வேலை குறைவு என்றார்கள். நாலு நாள் அவன் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில், பொன்னேரிப் பக்கம் ஒரு கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி, லைசென்ஸைத் தேடினான். அவள் எடுத்துக் கொடுத்தாள். "நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு செய்வ. எப்பவும் அப்டித்தான்" என்றான். கோபம் போகவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இரண்டு மாதம் கழித்துப் பரசுராமனுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. அன்புசெல்வனை வேறு ஊரிலிருக்கும் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று கேள்வி. ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து வேறு ஆளை நிறுத்தினார்கள். சென்னையில் யாரிடமோ சொல்லிக் கம்பெனி புதுப் படம் ஒன்று செய்து வாங்கியது. அதில் இடுக்கி இருந்தது. பட்டறைக்கு இடுக்கி வாங்கியதாகத் தகவல் இல்லை.

உத்தரவு வந்த சேதியைச் சொல்லப் பச்சையம்மா ஹெலன் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நன்றி என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. சேதியைச் சொல்லிவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் ஹெலனு. மனசுல அறுத்துகினே கீது. அந்தப் படத்த எத்தினி பேருக்குப் போட்டுக் காட்டிருப்ப?"

"முந்நூறு பேருக்கு மேல இருக்கும்க்கா."

"அத்தினி பேரும் கைய உட்டுதான் எட்த்துனு கீறாங்களா?"

"ஆமாக்கா."

"அவுங்ககிட்ட இன்னா சொன்ன?"

பச்சையம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஹெலன் சிப்காட் சாலையில், கம்பெனி கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடைப் பக்கம் போய் நின்றாள். ஷிப்ட் மாறும் நேரம். தூறிக்கொண்டிருந்தது, தூறலிலும் கரி இருந்தது. சைக்கிளிலும் வேனிலும் ஆட்கள் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் சிலர் பார்க்காததுபோலப் போனார்கள். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்கிற முத்தம்மா மட்டும் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்தாள்.

"இன்னாக்கா, இங்க வந்து நின்னுனு கீற? வேல கேட்டா?"

"இல்ல முத்தம்மா. துண்ட கைய உட்டு எடுக்காத. இடுக்கி கேளு. குடுக்கலன்னா மிதிக்காத."

முத்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா கீதே கத! கைய உட்டு எடுன்னு படம் போட்டவளே நீதான? மொத நாளு என்னாண்ட கையெழுத்துகூட வாங்கன."

"நான்தான். நான்தான் தப்பா காட்டனேன்."

"இடுக்கின்னா மூணு செகண்டு ஆவும். டார்கெட்ட யாரு, நீ வந்து குடுப்பியா?" டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, முத்தம்மா கேட்டுக்குள் போனாள். போகிறபோது தன் வலது கையை ஒருதரம் விரித்துப் பார்த்து, புடவையில் துடைத்துக்கொண்டதை ஹெலன் பார்த்தாள்.

சங்கு ஊதியது. அடுத்த வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவனின் முகம் அவளுக்குத் தெரியும். போன வருடம் முன் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தவன். ஹெலன் சாலையைக் கடந்து அவன் எதிரில் போய் நின்றாள்.

"தம்பி, ஒரு நிமிசம். நான்தான் உனுக்குத் தப்பா காட்டனேன்" என்று ஆரம்பித்தாள்.